பிஸ்டன் விழும் சத்தம்

குடத்தை இடுப்பில் ஏந்திப் பின்வாசல் வழியாக வந்த லோகேஸ்வரி, கார்க் கொட்டகையைத் தாண்டும்போது நின்றுவிட்டாள். தண்ணீர் தளும்பிப் புடவையை நனைத்தது. அப்பாவைக் குளிப்பாட்ட எடுத்த தண்ணீர். குளிப்பாட்ட வேண்டிய ஆண்களோ கொட்டகைக்குள் அப்பாவின் காரைச் சுற்றிக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்பா திருச்செல்வம் கூடத்தில் கிடந்தார். நேற்று மாலை இதே கொட்டகையில், இதே காருக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. முழுசாக ஒருநாள்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த நாற்காலியில் எவனோ ஒருவன் செருப்புக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெட்ரோல் குழாயை வாயால் உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தான். துப்பியது அம்மாவின் துளசிச் செடியில். இன்னொருவன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

ராமகிருஷ்ணன் சித்தப்பாதான் அங்கே தலைமை டாக்டர். அப்பாவின் தம்பி. சுங்கை காடுட்டில் தொழிற்சாலை லாரி ஓட்டியவர். ஓட்டிவிட்டதாலேயே இஞ்சினும் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. மேட்டில் வண்டி இழுக்கவில்லையென்றால் பாயிண்ட் தீய்ந்திருக்கும் என்றார். பக்கத்தில் நின்றவர் அதெல்லாம் இல்லை, டைமிங் என்றார். டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று மூன்றாமவர் சத்தியமே செய்யத் தயாராக இருந்தார். சித்தப்பா கழற்றிய பிளக்கைத் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். எதில் துடைக்கிறார் என்று அப்போதுதான் லோகேஸ்வரி கவனித்தாள். அப்பாவுக்குப் போர்த்த யாரோ கொண்டுவந்த கோடித் துண்டு.

“சித்தப்பா, அது அப்பாவோட துண்டு.”

சித்தப்பா துண்டைத் திருப்பிப் பார்த்தார். கரி உள்ளே போகும்படி நாலாக மடித்து, பாசத்தோடு அவள் தோளில் போட்டார். தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். உடனே மறுபடி குனிந்துகொண்டார்.

கருமம், இதுகளெல்லாம் மனித ஜென்மமா என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சாம்பிராணி வாசமும் பெட்ரோல் நாற்றமும் கலந்து தொண்டைக்குள் இறங்கின. செத்தவன் மூச்சு ஏன் நின்றது என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, கார் ஏன் மூச்சு வாங்குகிறது என்று ஆராய மட்டும் ஆள் ஆளுக்குக் கிளம்பி வந்துவிட்டார்கள்.

காரணம் அப்பாதான். தன் கடைசிப் பயணத்தில் தன் வண்டிதான் முன்னால் போகவேண்டும், அது போகிற வேகத்தில்தான் தான் பின்னால் வரவேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். கோலா கிளாவாங் பக்கத்து எஸ்டேட்டில் ஒர்க்‌ஷாப் பிட்டராக இருந்தவர். பழைய துரை ஒருவர் விட்டுப்போன வெள்ளைக்காரன் காலத்துப் பச்சை நிறக் காரை வாங்கி, உயிர் கொடுத்து, மகளைவிட ஒரு படி மேலாகவே வைத்திருந்தார். எரிப்பதற்குச் சிரம்பான் போகவேண்டும். நடுவில் மலை. இப்போதிருக்கிற நிலையில் அந்தக் கார் எஸ்டேட் கோயில் மேட்டையே ஏறாது.

அந்த நேரத்தில் அவள் தம்பி ஹேமநாதன் வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் பானெட்டை இறக்கி மூடினான்.

“போதும் சித்தப்பா. சாவு வூட்டுல என்னா வேல இது? வண்டி இழுக்காதுலா, உட்டுடுங்க. போட்டோவ என் கார்ல வச்சிக்கலாம்.”

இந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்காவது வெட்கம் இருக்கிறதே என்று லோகேஸ்வரிக்கு ஆறுதலாக இருந்தது. சிரம்பானில் வாழ்க்கைப்பட்டுப் போய், வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கிறவள் அவள். அப்பா அம்மாவோடு இருந்து பார்த்துக்கொண்டவன் இவன்தானே என்று நினைத்து, போகிற போக்கில் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

குளிப்பாட்டி முடித்துக் கிடத்திய பிறகு, கூடத்தில் அம்மா வள்ளிநாயகி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் காதில் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். ஒப்பாரி இல்லை, பேச்சு. கேஸ் தீர்ந்துவிட்டது, மாத்திரை வாங்கி வைத்தது அப்படியே இருக்கிறது என்று வீட்டுக் கதையையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி மாதங்களில் அந்த வீட்டில் எல்லாரும் அப்பாவிடம் அப்படித்தான் பேசினார்கள். சாப்பிட வா என்பதைக்கூடச் சண்டை போடுகிறமாதிரிதான் சொல்வார்கள். கத்தாதீங்க என்று அப்பா முகத்தைச் சுளிப்பார். அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பாவின் காதுக்குப் பின்னால் இப்போதும் அந்தக் காது கேட்கும் மிஷின் இருந்தது. குளிப்பாட்டும்போது கழற்றியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அது இல்லாமல் ஒன்றும் கேட்காது, போட்டே அனுப்புங்கள் என்று ஹேமநாதன் அழுதுகொண்டே சொல்ல, மறுபடி மாட்டிவிட்டார்கள். அதைப் பார்த்துப் பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். பெற்ற பிள்ளைக்கு எவ்வளவு கரிசனம் என்று பேச்சு.

வாசலில் இன்னொரு பழைய கார் வந்து நின்றது. அப்பாவின் காரைப்போலவே, அதே வருஷம், நிறம் மட்டும் சாம்பல். மஸ்தான் அங்கிள் இறங்கினார். சிரம்பானில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், அப்பாவுக்கு ஒரே சிநேகிதர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு நேரே கொட்டகைக்குப் போனார்.

அவர் பானெட்டில் கை வைத்ததும் ஹேமநாதன் ஓடிவந்து மறித்தான். வேண்டாம் அங்கிள், நேரம் ஆகிறது, அய்யர் கூப்பிடுகிறார் என்று என்னென்னமோ சொன்னான். அங்கிள் அவனைப் பார்க்காமல் லோகேஸ்வரியைப் பார்த்தார்.

“இந்த வண்டிதான் முன்னால போவும்னு அண்ணனுக்கு வாக்குக் குடுத்துருக்கேம்மா. ஒரு தடவ நான் பாத்துடுறேன். முடியலன்னா உட்டுடலாம்.”

அவள் சரி என்று தலையாட்டினாள். ஹேமநாதன் என்னமோ முணுமுணுத்துவிட்டுத் தலை மழிக்கப் போய்விட்டான்.

மஸ்தான் அங்கிள் சித்தப்பாவைப்போல வாயால் பழுது பார்க்கிறவர் இல்லை. வண்டியைக் கிளப்பச் சொல்லிச் சும்மா நின்று கேட்டார். இஞ்சின் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது. அணைக்கச் சொன்னார். பிளக் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கரி. பெட்ரோல் அளவில்லாமல் போகிறது என்றார். பிறகு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு விடுகிற கார்புரேட்டருக்குள் விரலை விட்டு உள்ளேயிருந்த பிஸ்டனைத் தூக்கி, விட்டார். தலையைச் சாய்த்தார். மறுபடி தூக்கி, விட்டார்.

“கேக்குதாம்மா ஏதாச்சும்?”

“இல்ல.”

“டக்குனு விழணும். இது எங்கியோ மாட்டிக்கிட்டு மெதுவா எறங்குது, சத்தமே இல்ல. இதான் கோளாறு. இவ்ளோதான்.”

லோகேஸ்வரி அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் காட்சியை அவள் எத்தனையோ சனிக்கிழமைகளில் பார்த்திருக்கிறாள். அப்பா இதே இடத்தில் குனிந்து நிற்பார். சர்க்கரை வியாதியில் விரல்கள் மரத்துப் போனவை, கண்ணில் புரை. மிச்சம் இருந்தது காது ஒன்றுதான். எதிர்ப்பக்கம் ஹேமநாதன் நின்று பிஸ்டனைத் தூக்கித் தூக்கி விடுவான். இது என் வண்டி சத்தம் இல்லை என்று கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த நாளிலிருந்தே அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை விடு, டக்கென்று கேட்கவில்லையே என்பார். எனக்கு நல்லாக் கேக்குதே என்பான் இவன். அக்காவைக் கேளுங்கள் என்று ஒரு தரம் அவளையும் இழுத்தான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவள், கேட்குதுப்பா என்று அங்கிருந்தே சொல்லிவிட்டாள்.

அதன் பிறகுதான் காது மிஷின். வயதுக்கு உள்ள குறைதான், பெரிதாக ஒன்றும் இல்லை என்று பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். ஹேமநாதன் விடவில்லை. வாங்கி மாட்டியே தீரவேண்டும் என்றான். அப்பாவுக்கு அந்தச் சனியனைக் கண்டாலே ஆகாது. கழற்றிக் கையில் மூடினால் கீயென்று கத்தும். அதைப் போட்டுக்கொண்டும் மாலை மாலை கொட்டகைக்குப் போனார். மிஷினைக் கூட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, டக் கேட்கிறதா என்று நின்றார். ஒருநாள் சாவியைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு எல்லாம் போயிடுச்சுடா என்றார். அதற்குப் பிறகு பானெட்டைத் திறக்கவில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

மஸ்தான் அங்கிள் கார்புரேட்டரின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, விளக்குப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இதுல புள்ளி இல்லையே” என்றார்.

எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் சாமான் காணாமல் போவது சகஜம். அதனால் ஒவ்வொரு பிட்டரும் தன் கைபட்ட இரும்பிலெல்லாம் தன் அடையாளத்தைக் குத்தி வைப்பார். அப்பாவுடையது அடுப்புக்கல் மாதிரி மூன்று புள்ளி. ஸ்பேனர், சுத்தியல், அம்மாவின் தோசைக்கல் வரைக்கும் அந்த மூன்று புள்ளி உண்டு. இந்தக் காரில் அது இல்லாத சாமானே கிடையாது. இதில் இல்லை. இது அச்சுப் பார்த்துச் செய்த புது நகல், மேலே அழுக்கைப் பூசியிருக்கிறது என்றார் அங்கிள்.

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். கோலாலம்பூரில் பழைய கார் பிரியர் ஒருவர், மூன்று புள்ளி போட்ட அசல் கார்புரேட்டர் தன்னிடம் இருக்கிறது என்று காட்டினாராம். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டால் ஹேமநாதன் பெயரைச் சொன்னாராம். அவனைக் கேட்டதற்கு, அப்பாதான் விற்கச் சொன்னார், இனி ஓட்டப்போவதில்லை என்றுவிட்டார், அவருக்கு மனசு சரியில்லை, அவரிடம் இதைப்பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டானாம்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேன்னு அண்ணன்மேல எனக்குக் கோவம்மா. அதான் இத்தன நாளா இந்தப் பக்கம் வரல.” அவர் பிஸ்டனைத் தொட்டுக் காட்டினார். “வந்து ஒரு தடவ இதத் தூக்கி உட்டிருந்தா போதும்.”

லோகேஸ்வரி கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். வாசலைப் பார்த்தாள். வாசலில், யாரும் உரசிவிடக் கூடாதென்று கயிறு கட்டி வைத்த இடத்தில், ஹேமநாதனின் கார் நின்றது. நான்கு சக்கரத்திலும் பளபளவென்று புது ரிம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் மாட்டியது. அப்போது அவள்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் போய்த் துப்பினாள். துப்பத் துப்ப வாயில் கசப்பு அப்படியே நின்றது.

தலை மழித்துக் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு குழாயடியில் நின்றான் தம்பி. மொட்டைத் தலையில் நாவிதர் கத்தி பட்ட இடத்தில் ரத்தம் பொடித்திருந்தது. அவள் அவன் முன்னால் போய் நின்றாள். கார்புரேட்டர் எங்கே என்று கேட்டாள். அவன் முகம் போன போக்கிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

“அக்கா, இப்ப எதுக்கு இதெல்லாம்? அம்மா காதுல உழுந்தா செத்தே போயிடுவாங்க. அப்பாதான் ஓட்டப் போறதில்லியே. கண்ணு தெரியல, கை மரத்துப்போச்சு. சும்மா கெடந்த சாமான்தானே.”

“காது?”

அவன் குழாயைத் திறந்து கால் கழுவ ஆரம்பித்தான். ஏற்கெனவே கழுவின கால்தான்.

சாமானை விற்றவனைக்கூட மன்னித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மாலை மாலை எதிரே நின்று, கேட்காத சத்தத்தைக் கேட்கிறது கேட்கிறது என்று ஒரு கிழவனை நம்பவைத்த அந்த வாயை என்ன செய்வது? இந்த வாய்தான் காலையிலிருந்து அப்பா அப்பா என்று ஊரைக் கூட்டி அழுகிறது. இந்தக் கைதான் சற்று நேரத்தில் கொள்ளி வைக்கப் போகிறது. அவன் முதுகைக் காலையில் தேற்றித் தடவிக்கொடுத்ததை நினைத்ததும், தன் உள்ளங்கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

இப்போதே கூடத்தில் நின்று கத்திவிடலாம். கத்தினால் அம்மா? அவளுக்கு ஆம்பிளைப் பிள்ளை என்றால் உயிர். இன்றைக்குப் புருஷனை இழந்தவளிடம் பிள்ளையையும் பிடுங்குவதா? கத்தாமல் விட்டாலோ, அப்பா செவிடன் என்ற பேரோடு எரிந்து சாம்பலாகிவிடுவார். அப்பாவே அப்படித்தான் நம்பிக்கொண்டு போனார். இரண்டுக்கும் நடுவில் அவள் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொட்டகையில் மஸ்தான் அங்கிள் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கியிருந்தார். தன் சாம்பல் நிறக் காரின் கார்புரேட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து அப்பாவின் வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தார். உங்கள் வண்டி இங்கேயே கிடக்கட்டுமா என்று சித்தப்பா ஆச்சரியப்பட்டார். கிடக்கட்டும், நாளைக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். எல்லாத் திருகையும் முறுக்கி முடித்து, விரலை விட்டுப் பிஸ்டனைத் தூக்கி, விட்டார்.

டக்.

சின்னச் சத்தம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அங்கிருந்தே கேட்டது. யாருக்கும் கேட்டிருக்கும். அம்மாவின் துளசிச் செடியைத் தாண்டி, துணி காயப்போடுகிற கொடி வரைக்கும் கேட்டிருக்கும். வண்டி கிளம்பியது. இருமல் இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வாய்க்கரிசி போட ஆரம்பித்திருந்தார்கள். பெட்டியைச் சுற்றிப் பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து நின்றார்கள். கறை தெரியாமல் மடித்த கோடித் துண்டையும் யாரோ எடுத்து அப்பாவின் மார்பில் போட்டிருந்தார்கள். அவள் முறை வந்தது. அரிசியைப் போட்டாள். கையை எடுக்காமல் அப்பாவின் காதைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. பின்னாலிருந்த மிஷினை மெதுவாகக் கழற்றினாள். அது அழுத்தியிருந்த இடத்தில் தோல் குழிந்து ஒரு தழும்பு.

அம்மா பதறிவிட்டாள். “ஏண்டி அத எடுக்குற? போற வழியில கூப்புட்டா அவருக்குக் கேக்க வேணாமா?”

“அப்பாவுக்குக் காது நல்லாத்தாம்மா இருந்திச்சு.”

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற மகனைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ. பெட்டிக்குள் குனிந்து அப்பாவின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். இந்த முறை கத்தவில்லை. பக்கத்தில் நின்ற லோகேஸ்வரிக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக, ஏதோ சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

பெட்டியை மூடினார்கள். தப்பு அடிக்கிறவர்கள் ஓங்கி அடித்தார்கள். ஹேமநாதன் வலது கையில் கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான். லோகேஸ்வரி அவன் இடது கையைப் பிடித்தாள். அக்கா தம்பியைத் தேற்றுகிறாள் என்று பெண்கள் மறுபடி அழுதார்கள். அவள் மிஷினை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

“பத்திரமா வச்சிக்க” என்றாள்.

வாசலில் பச்சைக் கார் வந்து நின்றது. மஸ்தான் அங்கிள் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் அப்பாவின் போட்டோவைச் சாய்த்து வைத்திருந்தார். பெட்டியைத் தூக்குவதற்காகத் தப்பை நிறுத்தினார்கள். அழுகையும் ஒரு கணம் ஓய்ந்தது.

அப்போது கேட்டது, கீயென்று, மெல்லிசாக, விடாமல். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய கைப்பேசி அது, அணையுங்கள் என்று சித்தப்பா அதட்டினார். எல்லாரும் பையைத் தடவிப் பார்த்தார்கள். பந்தம் பிடித்திருந்த பிள்ளைகள் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார்கள்.

ஹேமநாதன் தலையைக் குனிந்துகொண்டான். விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். இறுக்க இறுக்கச் சத்தம் கூடியது.